கோதுமை ரூபாயும் கோடிக்கரைப் பறவைகளும்

1960களில் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு பி.எல். 480 என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கோதுமை அந்தப் பெயரில்தான் வந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் 1954 ஜூலையில் கையெழுத்திட்ட பொதுச் சட்டம் 480, அந்த நாட்டுக் கிடங்குகளில் தேங்கிக் கிடந்த தானியத்தை, டாலர் இல்லாத நாடுகளுக்கு அந்தந்த நாட்டு நாணயத்திலேயே விற்க வழி செய்தது. இந்தியா 1956இல் முதல் ஒப்பந்தம் போட்டது. 1960இல் போட்ட பெரிய ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளில் 1.6 கோடி டன் கோதுமைக்கும் 10 லட்சம் டன் அரிசிக்குமானது. விலையை நாம் ரூபாயில் கட்டினோம். அந்த ரூபாய் அமெரிக்க அரசின் கணக்கில் இந்தியாவிலேயே சேர்ந்தது. டாலராக மாற்றி எடுத்துப்போக முடியாது. இங்கேதான் செலவழித்தாக வேண்டும்.

அதில் பெரும்பகுதி இந்திய அரசுக்கே கடனாகவும் மானியமாகவும் திரும்பியது. ஒரு பகுதியில் தூதரகச் செலவு நடந்தது. 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அந்தப் பணத்தில் இந்திய மொழி நூல்களை வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அங்கே தமிழ் படிப்பவர்களுக்கு இன்று கிடைக்கும் பழைய பதிப்புகளில் பல அப்படிக் கப்பலேறியவைதான். அதே கணக்கிலிருந்து ஒரு சிறு தொகை பறவைக்கும் யானைக்கும் போனது. இந்தியாவில் காட்டுயிர் ஆய்வு ஒரு துறையாக நிமிர்ந்ததில் அந்தச் சிறு தொகைக்குப் பெரிய பங்குண்டு.

இந்தப் பழங்கதையை இப்போது எடுக்கக் காரணம் இருக்கிறது. அயல்நாட்டுக் காட்டுயிர்களுக்குப் பெரும் கொடை தந்துவந்த நாடுகளில் ஒன்றான அமெரிக்கா, 2025இல் அந்தப் பணத்தைச் சில வாரங்களுக்குள் நிறுத்தியது. ஓர் அரசு தன் எல்லைக்கு வெளியே வாழும் விலங்குக்கு ஏன் செலவழிக்கிறது, அந்தச் செலவில் எது நிலைக்கிறது என்ற கேள்விகள் மறுபடி எழுந்துள்ளன. இவற்றுக்கான விடையில் ஒரு பகுதி நம் நாட்டு அனுபவத்திலேயே கிடக்கிறது.

பறவைகளுக்கு வளையமிடும் பெரிய திட்டம் ஒன்று வேண்டும் என்பது பறவையியலாளர் சாலிம் அலியின் நெடுநாள் விருப்பம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தார் சமஸ்தான மகாராஜாவின் உதவியோடு 1927இலேயே வளையமிடத் தொடங்கியிருந்தது. ஆனால் அது சிறிய அளவில் நடந்த வேலை. ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையம் போட்டால்தான் எங்கோ ஒரு சிலவற்றின் சேதி திரும்பி வரும். அதற்கு வருடக்கணக்கில் ஆட்களும் சம்பளமும் வேண்டும். சுதந்திரம் பெற்ற புதிதில், பசியோடு போராடிக்கொண்டிருந்த அரசிடம் போய் உள்ளானுக்கு வளையம் போடப் பணம் கேட்க முடியாது.

வழியைத் திறந்தது ஒரு நோய். 1957இல் மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், க்யாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றியிருந்த ஊர்களில் கடும் காய்ச்சல் பரவி மனிதர்களும் இறந்தார்கள். புணேயில் இருந்த வைரஸ் ஆய்வு மையம் பிரித்தெடுத்த கிருமி, ரஷ்யாவில் உண்ணிகள் பரப்பும் மூளைக்காய்ச்சல் கிருமிக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணியையும் கிருமியையும் சேர்த்தே சுமந்து வந்தனவா என்ற ஐயம் எழுந்தது. பறவைகளின் பாதை தெரிந்தால்தான் ஐயம் தீரும். 1959இல் உலக சுகாதார நிறுவனம் பம்பாய்க் கழகத்துக்குப் பணம் தந்தது. பறவைகள்தான் நோயைக் கொண்டுவந்தன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை; அந்தக் காட்டு உண்ணிகளிடமே நோய் வேரூன்றியிருந்தது. ஆனால் அதற்குள் வளையமிடும் வேலை ஊன்றிக்கொண்டது.

அடுத்து வந்த பணம் அமெரிக்க ராணுவத்துடையது. ஆசியாவில் நிற்கும் தன் வீரர்களைத் தாக்கக்கூடிய நோய்களை அறிய, வலசை விலங்குகளின் நோய்களை ஆராயும் ஒரு திட்டத்தை 1963 முதல் 1971 வரை அது நடத்தியது. எலியட் மெக்லூர் என்ற பறவையியலாளர் அதன் தலைவர். ஆசியா முழுக்கப் பத்து லட்சத்துக்கும் அதிகமான பறவைகளுக்கு அந்தத் திட்டத்தில் வளையமிட்டார்கள். பம்பாய்க் கழகம் அதில் கூட்டாளி. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இலங்கையில் யானைகளையும் குரங்குகளையும் பற்றிய நீண்டகால ஆய்வுகளைத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் அன்றைய தலைவர் டில்லன் ரிப்ளி, பத்துத் தொகுதிகளாக வந்த இந்தியப் பறவைகள் கையேட்டைச் சாலிம் அலியுடன் சேர்ந்து எழுதியவர். இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையைத் தளமாகக் கொண்டு அமெரிக்க உளவுப் பிரிவில் வேலை பார்த்தவரும் அவர்தான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? 1974இல் பத்திரிகைகளில் எழுந்த கேள்விகள் நாடாளுமன்றத்தை எட்டின. தில்லியில் அமெரிக்க ரூபாயில் நடந்த கொசு மரபணுக் கட்டுப்பாட்டுத் திட்டமும், பம்பாய்க் கழகத்தின் வலசை ஆய்வும் உயிரியல் போருக்கான தகவல் சேகரிப்பாக இருக்கலாம் என்ற கோணத்தில் விசாரிக்கப்பட்டன. பொதுக் கணக்குக் குழு 1975இல் கடுமையான அறிக்கை தந்தது. கொசுத் திட்டம் அந்த ஆண்டே மூடப்பட்டது.

அன்று எழுந்த அந்தக் கேள்விகளை இன்று வெறும் அமெரிக்க எதிர்ப்பு என்று ஒதுக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாட்டின் பறவையிடமிருந்து எடுத்த ரத்த மாதிரி எங்கே போகிறது, அதன் முடிவு முதலில் யார் மேசைக்குப் போகிறது, ஆய்வின் கேள்வியை வகுத்தது யார் என்று கேட்க நாடாளுமன்றத்துக்கு முழு உரிமை உண்டு. பிழை எதுவென்றால், கேட்டபிறகு நம் பணத்தை வைத்து அந்த ஆய்வைத் தொடராமல் விட்டதுதான். சந்தேகத்தின் நிழல் எல்லா அயல்நாட்டு ஆய்வின் மீதும் விழுந்தது. வேங்கையின் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி அதன் நடமாட்டத்தைத் தொடரும் ஸ்மித்சோனியனின் முன்னோடி ஆய்வு, 1973இல் நேபாளத்தின் சித்வானில்தான் தொடங்கியது. வேங்கைத் திட்டத்தை அதே ஆண்டு தொடங்கிய இந்தியாவில் அத்தகைய ஆய்வுகள் வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

1974 பிப்ரவரி 18 அன்று அமெரிக்கத் தூதர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹன், 1,664 கோடி ரூபாய்க்கான காசோலையை இந்திய அரசிடம் கொடுத்தார். தேங்கிப்போன கோதுமை ரூபாயின் பெரும்பகுதி அப்படித் திரும்பி வந்தது. எஞ்சியதைத் தன் செலவுகளுக்காக அமெரிக்கா வைத்துக்கொண்டது. இதற்குச் சில வாரங்களுக்கு முன், 1973 டிசம்பர் இறுதியில், அங்கே அருகிவரும் உயிரினங்கள் சட்டம் நிறைவேறியிருந்தது. அதன் எட்டாம் பிரிவு, அயல்நாட்டில் சேர்ந்து கிடக்கும் இத்தகைய நாணயத்தை அந்தந்த நாட்டுக் காட்டுயிர்களுக்காகச் செலவழிக்க அனுமதித்தது. அந்தச் சட்டத்தை உள்நாட்டு வழக்குகளுக்காகவே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. நமக்கு முக்கியமானது இந்தப் பிரிவு.

இம்முறை ஏற்பாடு வேறு மாதிரி அமைந்தது. பணத்தைத் தந்தது அமெரிக்க மீன் மற்றும் காட்டுயிர்த் துறை. அது இந்திய அரசின் சுற்றுச்சூழல் துறையின் ஒப்புதலோடு வந்தது. வேலையைச் செய்தது பம்பாய்க் கழகம். களத்தில் நின்றவர்கள் இந்திய இளைஞர்கள். தரவு இங்கேயே தங்கியது. முந்தைய பத்தாண்டில் எழுந்த சந்தேகங்களுக்குக் கிடைத்த உருப்படியான பதில் இந்த ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன். 1980இலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த அந்த ஆய்வுகளில் சிலவற்றைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும்.

வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக் கடலும் பாக் நீரிணையும் சேரும் முனையில் இருக்கிறது கோடிக்கரை. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வெளிமான் திரியும் புல்வெளி, உலர்ந்த பசுமைக்காடு, அதற்கு மேற்கே நீண்டு கிடக்கும் சதுப்பு, உப்பளங்கள். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி சைபீரியத் தூந்திரத்திலிருந்து கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் வந்து இறங்கும். பூநாரைகள் ஆழமற்ற நீரில் வரிசை கட்டி நிற்கும். இங்கே பறவை பிடிக்கும் நுட்பத்தைக் கழகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார்கள், தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்று வாழ்ந்தவர்கள். இறகு ஒன்றும் முறியாமல் உயிரோடு பிடிப்பதில் அவர்களுக்கு நிகரில்லை.

வலையில் சிக்கிய உள்ளானைப் பிரித்தெடுப்பவர் அதன் கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே இருத்தி, முதுகைத் தன் உள்ளங்கையில் பதியவைப்பார். அழுத்தினால் மூச்சு நிற்கும், தளர்த்தினால் பறந்துவிடும். கொசு உள்ளானின் எடை முப்பது கிராமைத் தொட்டாலே அதிகம். துணிப்பையில் போட்டு எடை பார்த்து, இறக்கையை அளவுகோலில் வைத்து நீளம் குறித்து, இறகுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, புதிது எத்தனை முளைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். வயதை அதில்தான் கணிக்க வேண்டும். பிறகு இடுக்கியால் அலுமினிய வளையத்தைக் காலில் சுற்றி, விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அழுத்துவார்கள். வளையத்தில் ஒரு எண்ணும், கண்டெடுப்பவர் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஒரு வரியும் இருக்கும். எல்லாம் ஓரிரு நிமிடம். இந்திய வளையங்கள் பற்றிய சேதிகள் பல சோவியத் யூனியனிலிருந்து வந்தன. பனிப்போரின் நடுவே, அமெரிக்கப் பணத்தில் போட்ட வளையத்தைச் சைபீரிய வேட்டைக்காரர் கழற்றி எழுதிய சேதி, மாஸ்கோ வழியாகப் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது.

இந்த உழைப்பின் பயன் உடனே தெரியாது. 1980களில் கோடிக்கரையில் ஆண்டுதோறும் எண்ணி வைத்ததால்தான் இன்று அங்கே பறவைகள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று நம்மால் சொல்ல முடிகிறது. நன்னீர் வரத்து குறைந்தது, உப்பளங்கள் விரிந்தன, சதுப்பின் உப்புத்தன்மை மாறியது என்று காரணங்களை வரிசைப்படுத்தவும் அந்தப் பதிவுகள்தான் அடிப்படை. 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமாகக் கோடிக்கரை அறிவிக்கப்பட்டபோது, அது ஏன் உலக முக்கியத்துவம் உடையது என்று காட்ட எண்கள் கையில் இருந்தன.

ராஜஸ்தானின் பரத்பூரில் நடந்தது இன்னும் ஆழமான கதை. கேவலாதேவ் தேசியப் பூங்கா 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சதுப்பு நிலம். அதன் சூழலியலை வி.எஸ். விஜயன் தலைமையிலான குழு 1980இலிருந்து 1990 வரை ஆராய்ந்தது. ஆய்வு தொடங்கிய இரண்டாம் ஆண்டு முடிந்த நிலையில், 1982இல், பூங்காவில் எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்று அன்றைய நிபுணர்கள் நம்பினார்கள்; சாலிம் அலியும் நம்பினார். சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது, கிராமத்தார் சிலர் செத்தார்கள்.

ஆய்வுக் குழு அங்கேயே இருந்து அளந்துகொண்டிருந்தது. எருமைகள் போனபிறகு, நீரில் படரும் ஒருவகைப் புல் கட்டுப்பாடின்றிப் பெருகியது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. மீனும் மீனை நம்பிய பறவைகளும் குறைந்தன. எருமை அந்தச் சதுப்பின் எதிரி இல்லை, அதன் இயக்கத்தில் ஒரு பங்கு என்று ஆய்வு முடிவு சொன்னது. தடையை ஆதரித்த அதே கழகத்தின் ஆய்வாளர்கள் அதை எழுதினார்கள். பின்னர் கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுக்க அனுமதிக்கப்பட்டார்கள். தடைக்கு முன்பும் பின்பும் ஒரே குழு, ஒரே முறையில் அளந்திருந்ததால்தான் இது சாத்தியமானது. மூன்று ஆண்டு மானியமாக இருந்திருந்தால், மேய்ச்சலை நிறுத்தியதால் கிடைத்த வெற்றி என்றே ஒரு அறிக்கை எழுதி முடித்திருப்பார்கள். போன உயிர்களுக்கு எந்த ஆய்வும் ஈடில்லை. ஆனால் அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது என்பதை அரசின் கோப்பில் ஏற்றியது அந்தப் பத்தாண்டுதான். அந்தக் குழுவின் தலைவர் விஜயன்தான் 1990இல் கோவையில் எழுந்த சாலிம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

முதுமலையில் ஜே.சி. டேனியல் வழிநடத்த, அஜய் தேசாயும் உடனிருந்தோரும் யானைகளைத் தொடர்ந்தார்கள். கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிய பெண்யானைகளின் கூட்டம் ஒன்று அலையும் பரப்பு 500 சதுர கிலோமீட்டரையும் தாண்டியது. அன்றைய முதுமலைச் சரணாலயத்தின் மொத்தப் பரப்பே 321 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் என்று எந்த மாநிலக் காட்டு இலாகாவின் வரைபடத்திலும் அந்தக் கூட்டத்தின் வாழ்வு அடங்கவில்லை. காடறிந்த பழங்குடிகளுக்கு இது புதிதில்லை. ஆனால் நீதிமன்றத்திலும் தலைமைச் செயலகத்திலும் எடுத்து வைக்க எண் வேண்டும். நீலகிரி யானை வழித்தடம் குறித்துத் தமிழக அரசு 2010இல் வெளியிட்ட அறிவிக்கையை உச்சநீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. வழித்தடம் என்ற கருத்து அரசாணையாக, தீர்ப்பாக வளர்வதற்குத் தேவையான மண்ணை இத்தகைய ஆய்வுகள்தான் பண்படுத்தின.

அருகிவரும் உயிரினங்களுக்கான அதே காலத்துத் திட்டம் ஒன்றில்தான் கானமயிலைப் பற்றிய முறையான ஆய்வு நடந்தது. 1900க்குப் பிறகு யாரும் காணாத ஜெர்டான் பறவை 1986 ஜனவரியில் கடப்பா மாவட்டத்து லங்காமலையில் மறுபடி கிடைத்ததும் அப்படித்தான். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அந்த ஊர்ப் பறவைபிடிப்பாளர் ஒருவர்.

கோதுமை ரூபாய் கரைந்தபிறகு காலம் மாறியது. அமெரிக்க நாடாளுமன்றம் ஒவ்வொரு விலங்குக்கும் தனிச் சட்டம் போடத் தொடங்கியது: 1988இல் ஆப்பிரிக்க யானை, 1994இல் காண்டாமிருகமும் வேங்கையும், 1997இல் ஆசிய யானை, 2000இல் மனிதக் குரங்குகள், 2004இல் கடல் ஆமைகள். இவை அனைத்துக்கும் சேர்த்து அண்மை ஆண்டுகளில் ஒதுக்கிய தொகை ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர். ஒரு வல்லரசின் வரவுசெலவில் இது கண்ணில் படாத தொகை. ஆனால் இது சிறு சிறு மானியங்களாகப் பிரிந்து, காட்டின் விளிம்பில் இருக்கும் சிறிய அமைப்புகளுக்கு நேரே போய்ச் சேர்ந்தது. வனக்காவலருக்கு ரோந்துச் செலவு, பயிரழிந்த விவசாயியோடு பேச ஒரு ஆள், யானை நடமாட்டத்தைக் குறிக்க ஒரு ஜீப்பும் டீசலும் என்று. இதைவிடப் பல மடங்கு பெரிய தொகை அமெரிக்க அரசின் அயலுதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் வழியாகப் போனது. பல்லுயிர்ப் பாதுகாப்புக்கென்று மட்டும் அதற்கு ஆண்டுக்கு 35 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கப்பட்டுவந்தது. பிரிட்டன் 1992 ரியோ மாநாட்டில் அறிவித்த டார்வின் திட்டம், 1991இல் பல நாடுகள் சேர்ந்து தொடங்கிய உலகச் சுற்றுச்சூழல் நிதியம் ஆகியவையும் இதே வரிசையில் வருபவை.

பணம் நேரத்துக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சைபீரியக் கொக்கு சாட்சி. பரத்பூருக்கு 1960களில் 200 வரை வந்துகொண்டிருந்த கொக்குகள், ஆண்டுக்காண்டு குறைந்து, 2001-02 குளிர்காலத்தோடு அங்கே வருவதே நின்றது. வழியில் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வேட்டை நடந்தது, சதுப்புகளும் வற்றின. உலகச் சுற்றுச்சூழல் நிதியம் இந்தக் கொக்கின் சதுப்புகளுக்காகத் தந்த 1 கோடி டாலர் திட்டம் சீனா, ஈரான், கஜகஸ்தான், ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளில் 2003இல் தொடங்கியது. அதற்குள் இந்தியாவுக்கு வரும் கொக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அரசுப் பணம் வந்த இடமெல்லாம் நன்மை விளைந்தது என்றும் சொல்வதற்கில்லை. காங்கோ படுகைக் காடுகளில், அயல்நாட்டு உதவி பெற்ற அமைப்புகள் ஆதரித்த வனக்காவலர்கள் பூர்வகுடிகளை அடித்தார்கள், கொன்றார்கள் என்ற செய்திகள் 2019இல் வெளிவந்தன. அமெரிக்க அரசு விசாரித்து, 2020இல் 1 கோடி டாலருக்கு மேற்பட்ட மானியங்களை நிறுத்தியது. சரியான காரணத்துக்காகப் பணத்தை நிறுத்துவதும் கொடுப்பவரின் கடமைதான். பரத்பூரில் சுடப்பட்டவர்களையும் காங்கோவில் அடிபட்டவர்களையும் ஒரே கேள்வி இணைக்கிறது: இந்தக் காட்டில் ஏற்கெனவே வாழ்பவர்களிடம் யாராவது கேட்டார்களா?

2025 ஜனவரியில் நடந்தது அப்படிப்பட்ட நிறுத்தம் இல்லை. புதிய அரசு பதவியேற்ற நாளன்றே அயலுதவி முழுவதையும் 90 நாள் நிறுத்தி வைக்கும் ஆணை வந்தது. மீன் மற்றும் காட்டுயிர்த் துறையின் சர்வதேச மானியங்களும் முடங்கின. ஜூலை 1 முதல் யுஎஸ்எய்ட் தனி நிறுவனமாக இயங்குவதே முடிந்தது. எந்தத் திட்டம் பயன் தந்தது, எது தரவில்லை என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பாதி மாட்டிய ரேடியோ பட்டைகள், மூன்றாம் ஆண்டில் நின்ற கணக்கெடுப்புகள், சம்பளமின்றி வீட்டுக்குப் போன காவலர்கள் என்று ஒரு நிறுத்தம் விட்டுச்செல்லும் சேதம், மறு ஆண்டு பணம் திரும்பி வந்தாலும் ஆறாது. இடைவெளி விழுந்த தரவைப் பின்னால் நிரப்ப வழியில்லை.

ஆகவே, நம் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். காட்டுயிருக்கென்று எல்லை தாண்டி வந்த அரசுப் பணம் எதுவும் விலங்கின் மேலுள்ள அன்பினால் மட்டும் வந்ததில்லை. தேங்கிய தானியம், பரவிய காய்ச்சல், நடந்த போர் ஆகியவைதான் அதை நகர்த்தின. நோக்கம் தூய்மையாக இல்லை என்பதற்காக மறுத்திருந்தால் நாம் இழந்திருப்போம். கேள்வி கேட்காமல் வாங்கியிருந்தாலும் இழந்திருப்போம். 1980களின் ஏற்பாடு பலன் தந்ததற்குக் காரணம், கேள்வியை வகுப்பதும் தரவைக் காப்பதும் உள்நாட்டு நிறுவனத்திடம் இருந்ததும், பணம் பத்தாண்டு தொடர்ந்து வந்ததும். தொகையின் அளவு அதற்கு அடுத்ததுதான்.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள், வளரும் நாடுகளின் பல்லுயிர்ப் பாதுகாப்புக்கு 2025க்குள் ஆண்டுக்கு 2,000 கோடி டாலரும், 2030க்குள் 3,000 கோடி டாலரும் போய்ச்சேர வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. இதைக் கேட்கும் தரப்பில் இந்தியா இருக்கிறது. இருக்க உரிமையும் உண்டு. அதே சமயம், கொடுக்கும் தரப்பிலும் இந்தியா கால் வைத்துவிட்டது. 2023 ஏப்ரலில் மைசூரில் அறிவித்து, 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஏற்ற சர்வதேசப் பெரும்பூனைக் கூட்டணிக்கு ஐந்தாண்டுக்கு 150 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. வேங்கை, சிங்கம், சிறுத்தை, பனிச்சிறுத்தை, சிவிங்கிப்புலி, ஜாகுவார், பூமா என்று ஏழு பூனைகளுக்கான அந்த அமைப்பின் ஒப்பந்தம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் கம்பீரமான விலங்குக்குப் பணம் ஒதுக்குவது எந்த அரசுக்கும் எளிது. சேற்றில் ஓடித் திரியும் முப்பது கிராம் பறவைக்கு ஒதுக்குவதில்தான் சோதனை இருக்கிறது.

அந்தச் சோதனை வந்தும்விட்டது. ஆர்க்டிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை முப்பது நாடுகளைக் கடக்கும் மத்திய ஆசியப் பறவைப் பாதைக்கான ஒருங்கிணைப்புப் பிரிவு இந்தியாவில் அமையும் என்று 2024 பிப்ரவரியில் சமர்கண்டில் கூடிய வலசை உயிரினங்கள் மாநாடு முடிவு செய்தது. கஜகஸ்தானின் ஏரியில் ஒரு பறவையை எண்ணவும், உஸ்பெகிஸ்தானில் ஒரு இளம் ஆய்வாளருக்கு வளையமிடக் கற்றுத்தரவும் இனி நம் நாடு பணம் தர வேண்டிய இடத்தில் இருக்கிறது. அன்று நமக்குக் கிடைத்ததைப் போல, கேள்வியை அந்தந்த நாட்டவர் வகுக்க, தரவு அவர்களிடமே தங்க, பத்தாண்டுக்குக் குறையாத உறுதியோடு தர வேண்டும். ஆண்டுதோறும் அமைச்சகத்தின் மனநிலையைப் பார்த்துக்கொண்டிராமல், வட்டியில் ஓடும் ஒரு நிலையான நிதியாக இதை மத்திய அரசு உருவாக்க வேண்டும். உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம், அடுத்த பட்ஜெட்டில் இந்தப் பிரிவுக்கு எவ்வளவு ஒதுக்கப்போகிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள்.